வெளிநாட்டில் ஃப்ரீலான்ஸ், அப்புறம் ஊர் திரும்பல்: வாசகர் கேள்வி-பதில்

எழுத்து, புகைப்படம், வீடியோ, ஆடியோ எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்துகொண்டு பல வருடம் வெளிநாடுகளில் ஃப்ரீலான்ஸ் செய்தியாளராக, அதாவது எந்த நிறுவனத்திலும் ஊழியராக இல்லாமல், காலம் தள்ளிவிட்டு, இப்போது சொந்த நாட்டுக்கே வந்துவிட்டேன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மல்டிமீடியா செய்தியாளர் என்றால் நாலு பேர் வேலையை ஒரு ஆள் தலையில் கட்டுவதுதானே? இதில் என்ன பெருமை?

பெருமையாகவா சொன்னேன்? பிழைப்பு அப்படி. ஒரு செய்திக்காக எல்லை தாண்டிப் போகிற செலவு, எழுத மட்டும் போனாலும் அதேதான், படம் எடுக்கப் போனாலும் அதேதான். எழுத்தை ஒரு பத்திரிகைக்கும், வீடியோவை வேறொரு நிறுவனத்துக்கும், குரல் பதிவை ஒரு வானொலிக்கும் கொடுத்தால்தான் அந்தப் பயணம் கட்டுப்படியாகும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்று நினைத்தால் எல்லாமே அரைகுறையாக வரும். கிளம்பும் முன்பே எது முதன்மை என்று முடிவு செய்ய வேண்டும். வீடியோ என்றால் வீடியோ, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு கிடைக்கிற நேரத்தில். தனி ஆளாகப் பேட்டி எடுப்பதைப் பாருங்கள்: ஃபிரேம் சரியாக இருக்கிறதா, ஃபோகஸ் நழுவுகிறதா, ஹெட்போனில் மைக் சட்டையில் உரசுகிற சத்தம் கேட்கிறதா, இதற்கு நடுவே எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்த்துக் கேள்வியும் கேட்க வேண்டும். வீட்டுக்குள் பதிவு செய்தால் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் பின்னால் ரீங்காரமாக விழும். அனுமதி கேட்டு அதை அணைத்துவிட்டு, உங்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, சாவியை எடுக்கும்போது திரும்பவும் ஆன் செய்துவிடுவீர்கள். ஆவணப்படக்காரர்களிடம் ரொம்ப நாளாகப் புழங்குகிற தந்திரம் இது. பேட்டி முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி அரை நிமிடம் அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப் போடும் இடமெல்லாம் அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: எந்த கேமரா வாங்கலாம்?

இப்போது கையில் இருப்பதே போதும், அந்தக் காசில் நல்ல மைக் வாங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டு எடிட்டர்களுக்கு மெயில் அனுப்பி அனுப்பி அலுத்துவிட்டேன், பதிலே வருவதில்லை. முன்பின் தெரியாதவரிடம் எப்படி வேலை வாங்கினீர்கள்?

நீங்கள் இணைத்திருந்த மெயிலைப் படித்தேன். அகதிகள் பிரச்சினையைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன் என்று இருக்கிறது. அது தலைப்பு, செய்தி இல்லை. யார், எங்கே, என்ன நடக்கிறது, ஏன் இந்த மாதம் வர வேண்டும், நீங்கள் ஏன் அங்கே போக முடியும், இவ்வளவும் முதல் ஐந்தாறு வரிக்குள் வந்துவிட வேண்டும். ஃபுட்டேஜ், அதாவது எடுத்த வீடியோ, ஏற்கெனவே கையில் இருக்கிறதா, இனிமேல்தான் எடுக்க வேண்டுமா என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த எடிட்டரிடம் போய்விடுங்கள், கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. முதல் வேலை பெரும்பாலும் சின்னதாகத்தான் கிடைக்கும், யாரோ ஒருவருடைய பெரிய கட்டுரைக்கு ஒரு பேட்டி, ஒரு படம் என்று. அதைச் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். டெட்லைனுக்குள் கொடுக்கிற ஆள் என்ற பெயர் எடிட்டர்கள் நடுவே வேகமாகப் பரவும், தாமதிக்கிற ஆள் என்ற பெயர் அதைவிட வேகமாக.

கேள்வி: கட்டுரை கேட்டு வாங்கிவிட்டு, போடவில்லை, பணமும் இல்லை என்கிறார்கள். இதற்கு என்ன வழி?

இதற்குத்தான் ‘கில் ஃபீ’ என்று ஒன்று உண்டு. அவர்கள் சொல்லி நீங்கள் வேலையை முடித்த பிறகு வெளியிட வேண்டாம் என்று முடிவு செய்தால் பேசிய தொகையில் ஒரு பங்கைக் கொடுப்பது வழக்கம். எவ்வளவு பங்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே ஆரம்பத்திலேயே கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: பணம் கட்டுரையை ஏற்றுக்கொண்டதும் வருமா, வெளியான பிறகுதானா? கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் வெளியாகும்போது தருகிறோம் என்று சொல்லி நான் கொடுத்த கட்டுரையை மாதக்கணக்கில் டிராயரில் போட்டு வைத்த ஒரு பத்திரிகைக்கு நான் நடந்த நடை கொஞ்சமில்லை. பயணச் செலவில் பாதியையாவது முன்பணமாக வாங்கிவிடுங்கள். போன் பேச்சில் எடிட்டர் சம்மதித்தாலும் அன்றைக்கே ‘நாம் பேசியது இது’ என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள், கான்ட்ராக்ட் தராத இடங்களில் அந்த மெயில்தான் கான்ட்ராக்ட்.

கேள்வி: போர் நடக்கும் இடங்களுக்குப் போனால்தான் பெயர் கிடைக்கும் என்கிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பாதிப் பேர் இருபதுகளில் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெயர் கிடைக்கலாம். 2012 நவம்பரில் ஜேம்ஸ் ஃபோலி என்ற அமெரிக்கச் செய்தியாளர் சிரியாவில் கடத்தப்பட்டார், 2014 ஆகஸ்ட்டில் ஐஎஸ் அமைப்பு அவரைக் கொன்றது. அவர் ஃப்ரீலான்ஸர். அடுத்த மாதமே கொல்லப்பட்ட ஸ்டீவன் சாட்லாஃபும் ஃப்ரீலான்ஸர்தான். தன் ஊழியரை அனுப்பப் பயப்படுகிற இடத்துக்கு ஃப்ரீலான்ஸர் தானாகப் போய் அனுப்பினால் மட்டும் வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தது. 2015-ல் பெரிய செய்தி நிறுவனங்களும் ஃப்ரீலான்ஸர் அமைப்புகளும் சேர்ந்து பாதுகாப்புக் கொள்கைகளை எழுதினார்கள், ஏகாஸ் கூட்டமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். ஊழியரின் பாதுகாப்பில் காட்டுகிற அக்கறையை ஃப்ரீலான்ஸரின் பாதுகாப்பிலும் காட்ட வேண்டும் என்பதுதான் சாரம். எல்லோரும் அதன்படி நடக்கிறார்களா என்று கேட்டால், இல்லை. ‘நீ போய் எடுத்துவிட்டு வா, நன்றாக இருந்தால் பார்க்கலாம்’ என்று எந்த எடிட்டராவது சொன்னால் அந்த மெயிலுக்குப் பதில்கூட போடாதீர்கள். அடிபட்டால் உங்களைத் தெரியாது என்பார், ஃபுட்டேஜ் நன்றாக இருந்தால் மட்டும் ரொம்பத் தெரியும் என்பார்.

இன்னொரு பெயர் டிம் ஹெதரிங்டன், புகைப்படக்காரர். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் குண்டு வெடித்துத் தொடையில் காயம்பட்டு, ரத்தம் போயே இறந்தார். கூட இருந்தவர்களுக்கு ரத்தத்தை நிறுத்துகிற முதலுதவி தெரிந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்று கேள்விப்பட்ட அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர், ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தருவதற்காகவே ரிஸ்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டுகிற டூர்னிக்கே கட்டுப் போடத் தெரியாமல் லென்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போர் முனை என்றில்லை, சாலை விபத்துக்கும் அதே கட்டுதான்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சாதாரணப் பயண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் போர், கலவரம் இரண்டையும் விலக்கி வைத்திருக்கும், பாலிசியைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு ஃப்ரீலான்ஸர்களுக்கு இன்ஷூரன்ஸுக்கு வழிசெய்கிறது, ஹெல்மெட்டும் குண்டு துளைக்காத உடுப்பும் இரவல் தருகிறது. 1993-ல் மாஸ்கோவில் சுடப்பட்டு இறந்த ஃப்ரீலான்ஸ் கேமராமேன் ரோரி பெக்கின் நினைவாக 1995-ல் தொடங்கிய அறக்கட்டளை ஃப்ரீலான்ஸர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவுகிறது. கிளம்பும் முன் இவர்களைத் தேடிப் படியுங்கள், மாட்டிக்கொண்ட பிறகு தேட நேரம் இருக்காது.

என் கருத்து கேட்டால், தேர்தல், விவசாயம், ஆறு, நீதிமன்றம் என்று எழுதிப் பத்து வருடம் நிலைத்து நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஃபிக்ஸர் என்பவர் யார்? மொழிபெயர்ப்பாளரா?

மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, ஆள் பிடித்துக் கொடுப்பவர், எங்கே காரை நிறுத்தக் கூடாது என்று சொல்பவர், எல்லாம் அவர்தான். பல நேரம் உண்மையான செய்தியாளரும் அவர்தான், பைலைன், அதாவது செய்தியோடு அச்சாகிற பெயர், மட்டும் நம்முடையது. 2007-ல் ஆப்கானிஸ்தானில் ஓர் இத்தாலியச் செய்தியாளரும் அவருடைய ஃபிக்ஸர் அஜ்மல் நக்ஷ்பந்தியும் டிரைவரும் தாலிபானிடம் சிக்கினார்கள். டிரைவரைக் கொன்றார்கள். சிறையில் இருந்த தாலிபான் கைதிகளை விடுவித்து இத்தாலியரை மீட்டார்கள். அஜ்மல் மீளவில்லை, அவரையும் கொன்றுவிட்டார்கள். உங்களுக்கு விமானம் இருக்கிறது, அவருக்கு அங்கேயேதான் வீடு. செய்தி வெளியான மறுநாள் யார் கதவைத் தட்டுவார்கள் என்பதை அவரிடமே கேட்டுவிட்டு, பெயர் போடச் சொன்னால் போடுங்கள், வேண்டாம் என்றால் எங்கேயும் போடாதீர்கள். கூலியை அந்தந்த நாள் கொடுத்துவிடுங்கள், உங்கள் எடிட்டர் உங்களுக்குத் தரும் வரை அவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: விசா, சாமான் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

சுற்றுலா விசாவில் போய்ச் செய்தி சேகரிக்காதீர்கள். அமெரிக்காவுக்கு வெளிநாட்டு ஊடகக்காரர்களுக்கென்றே ‘ஐ’ விசா இருக்கிறது, ஃப்ரீலான்ஸர் என்றால் ஊடக நிறுவனத்தின் கான்ட்ராக்ட் காட்டச் சொல்வார்கள். ட்ரோன் எடுத்துப் போவதற்கு முன் அந்த நாட்டின் விதியைப் பாருங்கள், மொராக்கோ மாதிரி இடங்களில் சுங்கத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். சாட்டிலைட் போனும் அப்படித்தான். தனியாக எடுத்துப் போகிற லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) வரை கேட்காமல் கொண்டுபோகலாம், பெரிய கேமரா பேட்டரிகளில் 98, 99 என்று அச்சடித்து விற்பது அதனால்தான். சாமான் நிறைய இருந்தால் சாமானைத் தற்காலிகமாக வரி கட்டாமல் கொண்டுபோக ஏடிஏ கார்னே என்று ஒரு சுங்கப் பத்திரம் உண்டு, வணிக சபைகள் தருகிறவை, ஒரு வருடம் செல்லும். அது இல்லாவிட்டாலும் சீரியல் எண் பட்டியல் ஒன்றைப் புறப்படும்போதே சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது ‘இதெல்லாம் அங்கே புதிதாக வாங்கியதா’ என்று நிறுத்தி வைத்துக் கேட்பார்கள்.

கேள்வி: உங்கள் பழைய வீடியோக்களை இப்போது நீங்களே பயன்படுத்த முடிகிறதா? எல்லாம் அந்த நிறுவனங்களுக்குச் சொந்தமில்லையா?

இதைக் கேட்டவருக்கு நன்றி. ஃப்ரீலான்ஸர் வெளிநாட்டிலிருந்து எதைக் கொண்டுவருகிறார் என்பதை விமான டிக்கெட் தீர்மானிப்பதில்லை, கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்ட்தான் தீர்மானிக்கிறது.

1947-ல் ராபர்ட் காப்பா, ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான், ஜார்ஜ் ராட்ஜர், டேவிட் சீமோர் முதலான புகைப்படக்காரர்கள் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவை ஆரம்பித்தபோது பேசிய முக்கியமான விஷயம் இதுதான்: படத்தின் உரிமை எடுத்தவனுக்கு, பத்திரிகைக்கு அல்ல. பத்திரிகை ஒருமுறை அச்சிடக் காசு கொடுக்கிறது, அவ்வளவுதான், படம் மறுபடி வேறு நாட்டில் விற்கும். எழுபத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, ஆனால் நேற்று வந்த கான்ட்ராக்டிலும் ‘எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்’ என்று ஒரு வரி இருக்கிறது. இன்னொரு வரி ‘வர்க் ஃபார் ஹயர்’. அமெரிக்கச் சட்டப்படி அதன் அர்த்தம், படைப்பாளியே அந்த நிறுவனம்தான், நீங்கள் இல்லை. எடுத்த வீடியோவை உங்கள் இணையதளத்தில் போடக்கூட அனுமதி கேட்க வேண்டிவரும்.

இந்த வரிகளைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம், பேசலாம். முதல் வெளியீட்டு உரிமையும் இத்தனை மாதம் தனி உரிமையும் உங்களுக்கு, அதற்குப் பிறகு எனக்கு என்று எழுதி அனுப்பினால் ஒப்புக்கொள்கிற எடிட்டர்கள் நிறைய உண்டு, அவர்களுக்கு வேண்டியது நாளைக்குப் போட ஒரு செய்தி, அந்த வரியை எழுதியது சட்டப் பிரிவு. ஒப்புக்கொள்ளவில்லையா, எடிட் செய்த வீடியோ உங்களுடையது, பயன்படுத்தாத ரா ஃபுட்டேஜ் என்னுடையது என்றாவது கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் உங்கள் வேலையின் மாதிரித் தொகுப்பில் (போர்ட்ஃபோலியோ) காட்டும் அனுமதியையாவது வாங்கிவிடுங்கள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் விலையை அதற்குத் தகுந்த மாதிரி ஏற்றுங்கள்.

உரிமை மட்டும் இருந்தால் போதாது, தேடினால் கிடைக்கவும் வேண்டும். படம் எடுத்த அன்று இரவே யார், எங்கே, எந்தத் தேதி, எதற்குச் சம்மதம் கொடுத்தார் என்று ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். நாலு வருடம் கழித்துப் படத்தில் இருக்கிற பெண்மணியின் பெயர் ஞாபகம் வராது, பெயர் தெரியாத படத்தை எந்த எடிட்டரும் வாங்க மாட்டார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில், இந்தப் பழைய விதியை மாற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை. எஸ்எஸ்டி என்கிற சேமிப்பு டிரைவை வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் அலமாரியில் போட்டு வைக்காதீர்கள், தரவு அழியலாம்.

கேள்வி: ஏன் திரும்பி வந்தீர்கள்? அங்கே வேலை போய்விட்டதா?

ஃப்ரீலான்ஸருக்கு வேலை போவதில்லை, மெயில் வருவது குறையும்.

சரி, நேராகவே சொல்கிறேன். நிறுவனங்கள் வெளிநாட்டுச் செய்திக்கு ஒதுக்கும் பணம் குறைந்துகொண்டே வந்தது. 2020-ல் விமானங்கள் நின்றபோது யாரையும் எங்கும் அனுப்ப முடியாமல் அந்தந்த நாட்டிலேயே இருக்கிற செய்தியாளர்களிடம் வேலை கொடுத்தார்கள், கொடுத்துப் பார்த்தால் வேலை நன்றாகவே வந்தது. அப்புறம் எதற்கு என்னை டிக்கெட் போட்டு அனுப்ப வேண்டும்? எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த ஊர்க்காரர் எழுத வேண்டியதை நான் எழுதிக்கொண்டிருந்தேன், என் ஊரை யாரோ வந்து எழுதிக்கொண்டிருந்தார்.

இன்னொரு காரணம், பேட்டி. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துப் பேசும்போது ஒரு பதில் இரண்டு தடவை வருகிறது, முதல் தடவை முகத்தில், இரண்டாம் தடவை வார்த்தையில். அவர் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தியது முகத்தில் தெரியும், மொழிபெயர்ப்பு வரும்போது அந்த இடம் காணாமல் போயிருக்கும், திரும்பப் போய்க் கேட்க முடியாது. இங்கே ஒருவர் பாதியில் நிறுத்தினால் நானும் பேசாமல் இருக்கலாம், மீதியை அவரே சொல்கிறார்.

கேள்வி: திரும்பி வந்தால் தோற்றுப் போய் வந்தான் என்று பேசுவார்களே?

பேசினார்கள். கொஞ்ச நாளில் வேறு ஆள் கிடைத்துவிடுவார் பேச. நிஜமான தொந்தரவு வேறு: உள்ளூர் எடிட்டர்களில் ஒரு சாரார் ‘நீங்கள் பெரிய இடத்தில் வேலை பார்த்தவர், எங்கள் சம்பளம் ஒத்துவராது’ என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுவார்கள், இன்னொரு சாரார் வெளிநாட்டு அனுபவத்துக்கு இங்கே என்ன மதிப்பு என்பார்கள். இரண்டு பேரிடமும் பழைய பெருமை பேசாமல் ஒரு புதிய செய்தியோடு போய் நில்லுங்கள். பேச்சுக்குப் பேச்சு ‘அங்கேயெல்லாம் இப்படிச் செய்ய மாட்டார்கள்’ என்பதையும் விட்டுவிடுங்கள், கேட்கச் சகிக்காது.

கேள்வி: மனசு? பார்த்ததெல்லாம் துரத்தாதா?

துரத்தும். வேலை இருக்கும்போது தெரியாது, திரும்பி வந்து சும்மா உட்காரும்போதுதான் தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும். வெறும் ஃபுட்டேஜை மணிக்கணக்கில் பார்த்து எடிட் செய்கிறவர்களுக்கும் இது வரும். செய்தியாளர்களுக்கு ஏற்படும் மன அதிர்ச்சிக்கென்றே டார்ட் மையம் வழிகாட்டிகள் எழுதி வைத்திருக்கிறது, படியுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் படிப்பதோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், நண்பர்களிடம் பேசினால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அடுத்த வருடம் திரும்பலாம் என்று இருக்கிறேன். இப்போதே என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் வரி. ஒரு வருடத்தில் எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதை வைத்துத்தான் பல நாடுகள் வரி போடுகின்றன, 183 நாள் என்பது பரவலான கணக்கு. இரண்டு நாட்டிலும் கட்ட வேண்டிவராமல் தேதியைப் பார்த்துக் கிளம்புங்கள், ஒரு கணக்காளரைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். வராத இன்வாய்ஸ்களை அங்கிருக்கும்போதே வசூல் செய்யுங்கள், வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள், பாக்கி வந்து விழ ஒரு இடம் வேண்டும்.

அப்புறம், வேலை கொடுத்த எல்லா எடிட்டர்களுக்கும் புறப்படுவதற்கு முன்பே மெயில் போடுங்கள்: இந்தத் தேதி முதல் இந்த நாட்டில் இருப்பேன், இன்னின்ன மொழி தெரியும், இவ்வளவு நேரத்தில் கேமராவோடு கிளம்ப முடியும் என்று. பிரியாவிடை மாதிரி எழுதாதீர்கள், ஒரு நாட்டில் நம்பகமான ஆள் கிடைத்திருக்கிறார் என்று அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இங்கே வந்த முதல் வேலை அப்படி வந்ததுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. வெளியே இருந்து கேட்கிறவர்கள் உங்கள் நாட்டைப் பற்றி ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் செய்தியையே திரும்பக் கேட்பார்கள், வெள்ளம் வந்தால் வெள்ளம், வறட்சி வந்தால் வறட்சி, நடுவில் நீங்கள் அனுப்புகிற எதற்கும் பதில் வராது. அந்த வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள், வாடகை கட்ட வேண்டுமே. ஆனால் அதே பயணத்தில் எடுத்த மீதி ஃபுட்டேஜின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளூர் வாசகருக்கு வேண்டிய செய்தியை உங்கள் மொழியில் தனியாகச் செய்யுங்கள். பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, அதிகாரி யார் என்று சொல்லி எழுத முடிகிற செய்தி அது. இங்கே அதைப் படிக்கிறவர் தவறு இருந்தால் மறுநாளே போன் செய்து சண்டை போடுவார், அதற்கும் தயாராக வாருங்கள்.